சுண்டுவிரல் வரைக்கும்

ஆண்களையெல்லாம் கடலுக்கும் கடல் தாண்டிய கடைகளுக்கும் கொடுத்துவிட்டு, பெண்கள் மட்டும் முடுக்கு என்று பேர் வைத்த குறுகலான சந்துகளில் வீட்டுக்கு வீடு பின்வாசல் வழியாகப் போய்வந்து வாழ்கிற ஊர் ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு மதியம், தன்னைப் பெற்ற உம்மா லுஹர் தொழுகையில் நின்றிருந்த நேரத்தில், பல்கீஸ் என்கிறவளின் இடது கைச் சுண்டுவிரல் நகத்தில் அவள் புருஷன் தென்பட்டான். அது படமா, நிழலா, பிரமையா என்று கேட்கிறவர்கள் அந்த ஊர்ப் பெண்களிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். அவர்களில் ஒருத்திகூட அப்படிக் கேட்கவில்லை. மாப்பிள்ளை எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்றுதான் கேட்டார்கள்.

பல்கீஸின் தங்கச்சி சாரா காலேஜுக்குப் போகிறவள். கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து ஏங்கி, நகத்தில் அச்சுக் குத்துகிற சாமான்களை ஆன்லைனில் வரவழைத்திருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஓர் எஃகுத் தகடு, அதில் நகம் நகமாகக் குழிவெட்டிய மல்லிகைக் கொடிகள், ஜெல்லி மாதிரி மெத்தென்ற தலை வைத்த ஒரு முத்திரை, சுரண்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை, கறுப்புப் பாலிஷ் ஒரு குப்பி, வெள்ளைப் பாலிஷ் ஒரு குப்பி. சாமான் வந்து சேர்ந்துவிட்டது, குத்திப் பார்க்கத்தான் நகம் இல்லை. ஏனென்றால் நகத்தில் பாலிஷ் இருந்தால், தொழுவதற்கு முன்னால் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போது தண்ணீர் நகத்தைத் தொடாது, தொடாவிட்டால் ஒளு கூடாது, ஒளு கூடாவிட்டால் தொழுகை கூடாது. ஆகவே அந்த ஊர்ப் பெண்கள் மாதத்தில் தொழுகை இல்லாத சில நாட்களில் மட்டும்தான் நகத்துக்கு வர்ணம் பூசுவார்கள், அந்த நாள் முடிந்து குளிப்பதற்கு முன்னால் பஞ்சும் ரிமூவருமாக உட்கார்ந்து துடைத்துவிடுவார்கள். சாராவுக்கு அந்த நாள் வர இன்னும் நேரம் இருந்தது. பல்கீஸுக்கு வந்திருந்தது.

"லாத்தா, கையைக் கொடேன். ஒரே ஒரு தடவ. நல்லா வரலன்னா அழிச்சிருதேன்."

"எனக்கு எதுக்குளா இந்தக் கோலமெல்லாம்? யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கேன்ல. கொடு."

யாரு பாக்கப் போறா என்று பல்கீஸ் கேட்டதற்குக் காரணம் இருந்தது. புருஷன் ஜவாஹிர், சரக்கு ஏற்றிப் போகிற ஒரு லாஞ்சியில் சமையல் வேலை பார்த்தவன். அந்த லாஞ்சி ஒரு புயலில் போய்விட்டது. கூடப் போனவர்கள் ஒவ்வொருத்தராகக் கரை ஒதுங்கி, ஒவ்வொருத்தராக அடக்கமும் ஆகிவிட்டார்கள். ஜவாஹிர் மட்டும் உயிராகவும் வரவில்லை, மையித்தாகவும் வரவில்லை. பள்ளிவாசல் பெரியவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உடல் இல்லாதவருக்குத் தொழுகிற காயிப் ஜனாஸா தொழுகையைத் தொழுதுவிடலாம் என்று சொல்லியனுப்பினார்கள். பல்கீஸும் அவள் மாமி ரஹ்மத்தும்மாளும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, முகத்தைப் பார்க்காமல் மௌத்து என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் பல்கீஸ் ஊரில் எதுவும் இல்லை. மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கல்யாண வீட்டில் எந்தப் பாயில் உட்காரவைப்பது என்று தெரியாமல் ஆட்கள் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

சாராவுக்கு முதலில் ஒன்றும் வரவில்லை. பாலிஷைத் தடவி, அட்டையால் வழித்து, முத்திரையை அழுத்தித் தூக்கினால் வெறும் கறை. அரைமணி நேரம் தகட்டையும் விற்றவனையும் திட்டித் தீர்த்த பிறகுதான் தகட்டின் மேல் ஒட்டியிருந்த நீலநிறப் பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை என்று தெரிந்தது. உரித்தால், தலைக்கு மேலே சுற்றிய காத்தாடி பாலிஷைக் குழியிலேயே உலர்த்திவிட்டது. காத்தாடியை நிறுத்தினால் வேர்வை. ஓங்கி அழுத்தினால் ஜெல்லி வழுக்கியது. கடைசியில் அட்டையைச் சாய்த்துப் பிடித்து, முத்திரையை அழுத்தாமல் உருட்டி எடுத்து, வெள்ளை பூசி வைத்திருந்த நகங்களில் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டே போய், பத்தும் முடிந்த பிறகு சாரா குனிந்து பார்த்தாள்.

"லாத்தா, பூவு ஒண்ணையும் காணோமே."

பூ இல்லை. பத்து நகத்திலும் வெள்ளை வெளேரென்று ஒரே நிலம், காற்று கோடுபோட்ட மணல் மாதிரி மெல்லிய வரிகள். இடது சுண்டுவிரலின் ஓரத்தில் மட்டும் எறும்பளவுக்கு ஓர் ஆள், கட்டம்போட்ட கைலியை மடித்துக் கட்டி, தோளில் பையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. இடது தோள் சற்று இறங்கியிருந்தது. சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து இறங்கிய தோள் அது. தொழுகை முடித்து ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்து வந்த உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளின் கையை ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, "சோறு தண்ணியில்லாம இப்படி மெலிஞ்சுல்ல போயிட்டாரு மாப்பிள்ளை" என்றாள்.

ரஹ்மத்தும்மாளுக்கு ஆள் போனது. அவள் செருப்புக்கூடப் போடாமல் முடுக்கு வழியாக ஓடி வந்து, மருமகளின் விரலைக் கண்ணுக்கு அருகே பிடித்து, "என் ராசா, திரும்புடா, உம்மா வந்திருக்கேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை, ஆனால் நடந்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் நடப்பது தெரியாது. அடுப்பில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஓர் அரிசி நுனி தூரம் முன்னே போயிருப்பான். விரலோடு விரலைச் சேர்த்து வைத்தால் அடுத்த விரலுக்குக் கடந்துபோவான். விரலை விரித்து வைத்தால் ஓரத்திலேயே நின்று காத்திருப்பான். அந்த மாதம் மோதிரவிரல் வரைக்கும் வந்தான், அதற்குள் தொழுகை இல்லாத நாட்கள் முடிந்துவிட்டன. உம்மா பஞ்சை நனைத்துக் கொடுத்தாள். "நீ அவரை அழிக்கலளா, பாலிஷைத்தான் அழிக்கே" என்று சொன்னாள். பல்கீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தாள், குளித்தாள், தொழுதாள், அழுதாள்.

அடுத்த மாதம் சாரா மறுபடி குத்தினாள், மறுபடி அவன் இடது சுண்டுவிரலில்தான் தொடங்கினான். அதற்கடுத்த மாதமும் அப்படியே. இதற்குள் முடுக்கு முழுக்கத் தெரிந்துபோய், பெண்கள் அவரவருக்குத் தொழுகை இல்லாத நாட்களில் சாராவிடம் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் தகட்டில் இருந்த மல்லிகைதான் விழுந்தது. புருஷன் ஹாங்காங்கில் பெரிய கடை வைத்திருக்கிற ஒருத்தி, தனக்கு மட்டும் ஏதோ வஞ்சனை செய்துவிட்டதைப் போல, "எங்க அவுக ஒரு நாளாச்சும் தெரிய மாட்டாவளா? என்ன பாலிஷ்ளா இது?" என்று சண்டைக்கு வந்தாள். நகத்தில் உருவம் வைத்துக்கொள்ளலாமா என்று மார்க்கம் படித்த ஆலிம்சாவின் பெண்சாதி வழியாக ஒரு கேள்வி போய், முகம் தெரிகிறதா என்று பதில் கேள்வி வந்து, முதுகுதான் தெரிகிறது என்று சொன்னதும், அப்படியானால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று ஆலிம்சா எழுந்துபோய்விட்டார். டீக்கடையில் உட்கார்ந்த நாலு கிழவர்கள் பெண்கள் விஷயம் நமக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டே, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எந்த விரல் என்று கேட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பீர்மா லாத்தாதான் அதைச் சொன்னது. வாய்க்குப் பூட்டுப் போடாத மனுஷி. பல்கீஸ் பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து வந்து நின்றாள்.

"ஏளா, மாசாமாசம் அந்த மனுஷன் வீட்டைப் பாத்து நடந்து வாறாரு, நீ மாசாமாசம் துடைச்சுத் துடைச்சுத் திருப்பி அனுப்புதே. பத்தாவது விரலுக்கு வந்துசேர விட்டாத்தானே வீடு வரும்?"

அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டாள், சொன்னதும் அங்கிருந்த எல்லோருக்கும் அதுதானே சரி என்று பட்டுவிட்டது. வலது சுண்டுவிரல்தான் வீடு. அங்கே வந்தால் வாசலுக்கு வந்த மாதிரி. பல்கீஸ் ஈரப்பஞ்சைக் கீழே போட்டாள். உம்மா அவளைப் பிடித்து உலுக்கினாள். பாலிஷோடு குளித்தால் குளிப்பு கூடாது, குளிப்பு கூடாமல் தொழுகை இல்லை, தொழுகை இல்லாமல் நோன்பு ஏறாது, குர்ஆனைத் தொட முடியாது, இப்படியே மௌத்தாகிவிட்டால் என்ன பதில் சொல்வாய் என்று கேட்டாள். "அவுக வாசலுக்கு வந்து நிக்கட்டும்மா, அப்புறம் விட்டதெல்லாத்தையும் களாவாத் தொழுது தீத்துருதேன்" என்றாள் பல்கீஸ். ரஹ்மத்தும்மாள் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாவத்தையெல்லாம் அல்லாஹ் என் தலையில் எழுதட்டும் என்று கெஞ்சினாள்.

அப்புறம் அந்த வீடு ஒரு கையை வைத்து நடக்க ஆரம்பித்தது. விரல்களைச் சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்பதால் பல்கீஸ் பாத்திரம் துலக்கவில்லை, துணி துவைக்கவில்லை, மீன் அரியவில்லை. உம்மா ஊட்டிவிட்டாள், சாரா தலை பின்னிவிட்டாள், முடுக்குப் பெண்கள் முறைவைத்துத் துவைத்துக் கொடுத்தார்கள். வெயில் ஏறினால் அவனுக்குச் சுடும் என்று கையை ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், மழை பெய்தால் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து, நேற்றைக்கு எங்கே, இன்றைக்கு எங்கே என்று பார்த்துவிட்டுப் போனார்கள். போகப்போக அவன் நடை தளர்ந்து, ஒரு விரலைக் கடக்க வாரக்கணக்கானது. ஊரில் காலம்கூட விரலில் கணக்கானது. அவுக நடுவிரல்ல நடந்துகிட்டு இருக்கையில எங்க வீட்டுக் கிணறு வத்திச்சு என்பார்கள், ஆள்காட்டி விரல் முடியையில என் மவ பிள்ளை பெத்தா என்பார்கள். இரண்டு கட்டைவிரலையும் ஒட்டவைத்து அவன் இடது கையிலிருந்து வலது கைக்குக் கடந்த அன்றைக்கு ரஹ்மத்தும்மாள் முடுக்கு முழுக்கச் சர்பத் கொடுத்தாள்.

ஆனால் நகம் சும்மா இருக்குமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. அடிப்பக்கம் பிறைபோல வெறும் நகம் எட்டிப் பார்த்து, பிறை அகலமாகி, அந்த வெள்ளை நிலம் முழுவதும் விரல் நுனியைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போனது. வெட்டக்கூடாது என்று விட்டதில் பத்து நகமும் விரலைத் தாண்டி நீண்டன. ரம்ஜான் வந்தது. பள்ளியில் பாங்கு சொன்னதும் வீட்டிலிருந்தவர்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது, நோன்பில்லாத பல்கீஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரவில் தராவீஹ் தொழுகைக்குப் பெண்கள் தங்களுக்கென்று இருந்த தைக்காவுக்குப் போன பிறகு அந்த முடுக்கில் அவள் ஒருத்தி மட்டும்தான் மிச்சம். தொழாமல் இருப்பது அவளுக்கு எளிதாக இல்லை. பசியைப் போல அது வயிற்றில் இருந்தது. கையைப் பார்ப்பாள், அவன் நடந்துகொண்டிருப்பான், பொறுத்துக்கொள்வாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவன் வலது சுண்டுவிரலுக்கு வந்தான். வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். உம்மா நெய்ச்சோறு ஆக்கினாள், ரஹ்மத்தும்மாள் மகனுக்குப் புதுக் கைலி எடுத்து வந்தாள், முன்வாசல் கதவையும் பின்வாசல் கதவையும் திறந்தே போட்டார்கள். அவன் சுண்டுவிரல் நகத்தின் குறுக்கே நடந்து, கடைசி ஓரத்துக்கு வந்து, நின்றான். வாசலில் யாரும் வரவில்லை. நெய்ச்சோறு ஆறியது. மறுநாளும் நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். விரல் விரித்திருந்தபோது அடுத்த விரலுக்காகக் காத்து நிற்பானே, அதே நிற்பு. அதற்கப்புறம் விரல் இல்லை.

பெண்கள் வருவது குறைந்தது. ஒருத்தி தண்ணீர் எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், இன்னொருத்தி அதுகூட இல்லை. பீர்மா லாத்தா பின்வாசலைச் சாத்தியே வைத்துக்கொண்டாள். சாரா தன்னுடைய தொழுகை இல்லாத நாளில் தன் நகத்தில் குத்தி, அக்காவின் விரலோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். அவளுக்கு மல்லிகை விழுந்தது. அவன் மல்லிகைக்கு முன்னால் நின்றான், கடக்கவில்லை.

அப்போது ரஹ்மத்தும்மாள் தன் கையை நீட்டினாள். அவளுக்கு அந்த நாட்களெல்லாம் நின்று வெகுகாலம். அதற்கப்புறம் ஒரு வக்து தொழுகையையும் தவறவிடாதவள், காய்ச்சலில்கூடப் படுத்துக்கொண்டே கண்ணால் தொழுதவள். "எனக்குக் குத்துளா சாரா" என்றாள்.

"மாமி, அஸர் நேரமாச்சு. பாங்கு சொல்லப் போறாவ."

"சொல்லட்டும். பெத்தவ விரலுக்கு வராம இருப்பானா? குத்து."

சாரா வெள்ளை பூசி, தகட்டில் கறுப்பைத் தடவி, வழித்து, உருட்டி எடுத்து, சுருக்கம் விழுந்த அந்தச் சுண்டுவிரலில் உருட்டினாள். பாங்கு சொன்னார்கள். ரஹ்மத்தும்மாள் எழுந்திருக்கவில்லை. விரலை மருமகளின் விரலோடு ஒட்டவைத்து, அஸர் போய், பொழுது அடைந்து மஃரிப் வருகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மல்லிகைதான் விழுந்திருந்தது. அழகாக, ஓர் இதழ்கூடச் சிதையாமல். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அவள் பாலிஷைத் துடைத்தாள். ஒளுச் செய்து, விட்ட அஸரையும் வந்த மஃரிபையும் தொழுதுவிட்டு வந்து பல்கீஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போதும் மவளே. கால் வைக்க எடமில்லாம நிக்கான். நாமதான் நடத்திக் கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கோம். தொழுதுருவோம்."

பல்கீஸுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "என்ன சொல்லுதிய மாமி? நான் ரம்ஜானை விட்டேன், தொழுகையை விட்டேன், உங்க மவனுக்காகத்தானே விட்டேன்? இந்தா கண்ணு முன்னால நிக்காவ, இவுகளை வச்சுக்கிட்டு மௌத்தாப் போனவங்களுக்குத் தொழுகிற தொழுகையா தொழச் சொல்லுதிய?" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் ரஹ்மத்தும்மாளின் மடியில் விழுந்து அழுதாள். அவளும் அழுதாள்.

அந்த வாரத்திலேயே வலது சுண்டுவிரல் நகத்தின் பக்கவாட்டில் ஒரு கீறல் விட்டது. அவ்வளவு நீளம் வளர்ந்த நகம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தூக்கத்தில் எங்காவது சிக்கி முறிந்து விழுந்தால், காலையில் வாரியல் பெருக்கும் குப்பையோடு போய்விடுவான். பல்கீஸ் அந்தக் கீறலையே இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பள்ளிவாசலுக்குச் சொல்லியனுப்பினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆண்கள் பள்ளியில் தொழுவார்கள், பெண்கள் தைக்காவில் தொழுவார்கள் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகலில் இடது கையின் ஐந்தையும் வலது கையின் நான்கையும் அவளே துடைத்தாள். அந்த வெள்ளை நிலம் பஞ்சில் கரைந்து வந்தது. அவன் அத்தனை மாதம் நடந்த தூரமெல்லாம் ஒரு பிடிப் பஞ்சாகத்தான் இருந்தது. சுண்டுவிரலுக்கு மட்டும் பஞ்சைக் கொண்டுபோக முடியவில்லை. "வெட்டிருதேன் மாமி" என்றாள். குளிக்காதவள் நகம் வெட்டக்கூடாதே என்று உம்மா வாய்க்குள் முனகினாள், வெட்டாமல் இவளுக்குக் குளிப்பே கூடாதே என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். ரஹ்மத்தும்மாள் மருமகளின் கையைத் தன் மடியில் வைத்து, நகவெட்டியை எடுத்து, கீறல் விட்ட இடத்திலிருந்து மெல்ல மெல்ல, ஒரே துண்டாக வெட்டி எடுத்தாள்.

வெட்டின நகத்தை அந்த ஊரில் கண்ட இடத்தில் போடமாட்டார்கள். உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். கொல்லையில் கிணற்றடிக்கு அப்பால் சாரா கரண்டியால் ஒரு குழி தோண்டினாள், ஒரு சாண்கூட இருக்காது. உம்மா புதுப் பஞ்சைப் பிரித்து மெத்தைபோல விரித்துக் கொடுத்தாள். ரஹ்மத்தும்மாள் நகத்தை அதில் கிடத்தி, மூடுவதற்கு முன்னால் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். பல்கீஸ் பார்க்கமாட்டேன் என்று கிணற்றுச் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"மாமி."

"என்ன மவளே?"

"திரும்பிட்டாவளா?"

"இல்ல."

"படுத்துட்டாவளா? உக்காந்துட்டாவளா?"

ரஹ்மத்தும்மாள் நகத்தை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"நிக்கான்" என்றாள். "பையைக்கூட எறக்கி வைக்கல. நிக்கான்."

பிறகு பஞ்சை மூடிக் குழியில் வைத்து, வலது கையால் முதல் பிடி மண்ணைப் போட்டாள்.